கடல் இருந்த தெருவில் தொடங்குங்கள்: சிங்கப்பூர் நிதி வட்டாரத்தை நடந்து பார்க்கும் முறை

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே அவர்களை நிதி வட்டாரத்துக்கு அழைத்துப் போய்விடுவேன். வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும் நிற்கிற இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று தயங்குவார்கள். அரை நாள் என்னோடு நடந்துவிட்டு, மறுநாள் தாங்களே இன்னொருவரை அழைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நான் 1998 முதல் செசில் ஸ்திரீட்டில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் ஐயா, அதாவது அப்பச்சியை (என் தந்தையை) பெற்றவர், தேவகோட்டையிலிருந்து கப்பலேறி வந்து, என் அலுவலகத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கிட்டங்கியில் (வட்டிக்கடைகள் இருந்த கூடத்தில்) அடுத்தாளாக இருந்தவர். எங்கள் செட்டியார் வீடுகளில் கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். ஐயா அப்படி வந்தவர். வேலை கிடைத்து நான் வந்தபோது அவர் எழுதிய ஒரு கடித உறை மட்டும் என் பெட்டியில் இருந்தது.

அந்த உறையை வைத்துக்கொண்டு தேடித் தேடி நான் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் விதி: ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தபடி தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கண்ணில் கண்ணாடி மட்டும் தங்கிவிடும். தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்குங்கள். கப்பலில் வந்தவர்கள் எந்த வரிசையில் நடந்தார்களோ அதே வரிசையில் நடக்க வேண்டும். முதலில் கரை, அடுத்து கும்பிடு, அதன் பிறகு கணக்கு, கடைசியில் ஆறு. ஒவ்வோர் இடத்திலும் நின்று, “கடல் எங்கே இருந்தது?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் பாதிக் கதையை அந்த ஒரு கேள்வியே திறந்துவிடும்.

ஏற்பாடுகள் அதிகம் இல்லை. வார நாளில், காலை எட்டரை மணிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும், பாதி உணவுக் கடைகள் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை வேண்டாம், நண்பகல் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிரம்பி வழியும் நேரத்தில் வேடிக்கை பார்க்க நிற்பது சரியல்ல. தோளையும் முழங்காலையும் மூடும் உடை, எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு, தண்ணீர், மடக்குக் குடை. முடிந்தால் 1870களுக்கு முந்திய நகர வரைபடம் ஒன்றைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய வரைபடங்கள் கிடைக்கின்றன. அந்த ஒரு படம் எந்த வழிகாட்டியையும்விட உதவும்.

தெலுக் ஆயர் என்றால் மலாய் மொழியில் ‘நீர் விரிகுடா’. தெருவின் பெயரிலேயே கடல் இருக்கிறது. நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் தெருவின் தென்முனைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து வடக்கு நோக்கித் திரும்பி நடக்க வேண்டும்.

முதலில் வருவது அல்-அப்ரார் பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், இங்கே சூலியாக்கள் என்று அறியப்பட்டவர்கள், 1827இல் ஓலைக் கூரை போட்டுத் தொழத் தொடங்கிய இடம். அதனால்தான் இதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். குச்சு வீடு என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 1850களில் செங்கல் கட்டடமாயிற்று, குச்சு போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இருநூறு ஆண்டுகளாக ஒரு தமிழ்ச் சொல் வங்கிகளுக்கு நடுவே புழங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சற்றுத் தள்ளித் தியான் ஹோக் கெங் கோயில். இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஹொக்கியன் சீனர்கள் 1839இல் தொடங்கி 1842இல் கட்டி முடித்தது. கடலோடிகளைக் காக்கும் மாசு என்ற சீன அன்னைத் தெய்வத்துக்கு உரியது. நீங்கள் பார்த்து நிற்கையில் வலப்பக்கமாக இருக்கும் வாசலில் நுழைந்து இடப்பக்க வாசலில் வெளியேறுங்கள். வலப்பக்கம் டிராகனுக்கு, இடப்பக்கம் புலிக்கு. வாசல்படி உயரமாக இருக்கும். அதை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும். நம் வீட்டு நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்று ஆயா (பாட்டி) சொல்வார்கள் அல்லவா, அதே மரியாதைதான். வாசல் சிங்கங்களின் கால்களைப் பாருங்கள். பந்தை வைத்திருப்பது ஆண், குட்டியை வைத்திருப்பது பெண். உள்ளே கருங்கல் தூண்களில் டிராகன்கள் சுற்றிக்கொண்டு ஏறும். சீனப் பேரரசர் குவாங்சு 1907இல் வழங்கிய பலகையில், தென்கடலில் அலைகள் அமைதியாக இருக்கட்டும் என்ற பொருள்பட நான்கு எழுத்துகள் உள்ளன. கப்பலில் வந்தவன் எதைக் கேட்பானோ அதையே அரசரும் எழுதி அனுப்பியிருக்கிறார்.

கோயிலின் பின்சுவருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அமோய் ஸ்திரீட் பக்கம் இருக்கும் அந்தச் சுவரில் ஓவியர் யிப் யூ சோங் 2017இல் ஹொக்கியன் குடியேறிகளின் கதையை 44 மீட்டர் நீளத்துக்குத் தீட்டியிருக்கிறார். குழந்தைகளோடு வந்தால் அங்கே தொடங்குவதுகூட நல்லதுதான்.

இப்போது பூன் தாட் ஸ்திரீட் முனைக்கு வந்து நில்லுங்கள். நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில் சூலியாக்கள் எழுப்பியது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவுக்கான இடம். இங்கே கல்லறை கிடையாது. கீழே ஐரோப்பிய பாணித் தூண்கள், மேலே பொம்மை அரண்மனை போன்ற குட்டி வளைவுகளும் துளைகளிட்ட சாளரங்களும் மூலைகளில் மினாராக்களும் இருக்கும். ஒரே முகப்பில் இரண்டு ஊர்களின் கட்டடக் கலை. 2011 முதல் இது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆனால் உள்ளே போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். தர்காவுக்கு முதுகைக் காட்டி நின்று, பூன் தாட் ஸ்திரீட் வழியே நேராகப் பாருங்கள். தெருக்கள் சிலவற்றைத் தாண்டி லாவ் பா சாட் உணவங்காடியின் கூரை தெரியும். எண்கோண வடிவில், வார்ப்பிரும்புத் தூண்களைக் கிளாஸ்கோவிலிருந்து வரவழைத்து, 1894இல் கட்டிய சந்தை அது. அது நிற்கும் இடம் கடலாக இருந்தது. நீங்கள் நிற்கும் தெருதான் கரை. 1879இல் தொடங்கி, அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணால் விரிகுடாவைத் தூர்த்தார்கள். செசில் ஸ்திரீட், ராபின்சன் ரோடு, ஷெண்டன் வே எல்லாமே தண்ணீரின்மேல் போட்ட நிலம். என் அலுவலக மேசையும் அப்படித்தான்.

இதற்குச் சான்று வேண்டுமா? தெருவின் இரு பக்கமும் பாருங்கள். பள்ளிவாசல், மாசு கோயில், தர்கா, இன்னும் வடக்கே வரும் ஃபுக் தாக் சி என்று பழைய வழிபாட்டு இடங்கள் அனைத்தும் ஒரே பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் இருப்பது சீன மெதடிஸ்ட் தேவாலயம். அது 1920களில், கடல் நிலமான பிறகு வந்தது. புத்தகத்தில் படித்தபோது மனத்தில் பதியாத கரைக்கோடு, இந்தத் தெருவில் இடமும் வலமும் ஒருமுறை திரும்பிப் பார்த்ததும் பதிந்துவிட்டது.

மாரியம்மனுக்கும் முதலில் இந்தத் தெருவில்தான் இடம் ஒதுக்கினார்கள். பூசைக்கு ஏற்ற நல்ல தண்ணீர் இல்லாததால் அந்த இடம் கைவிடப்பட்டது. 1819இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் கோயிலை எழுப்பினார். செங்கல் சூளை வைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர் அவர். நேரம் இருந்தால் பத்து நிமிட நடையில் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.

கிராஸ் ஸ்திரீட்டைக் கடந்ததும் ஃபுக் தாக் சி. 1824இல் ஹக்கா, கண்டோனியச் சீனர்கள் தொடங்கிய கோயில், இப்போது சிறிய அருங்காட்சியகம். பத்து நிமிடம் போதும்.

அடுத்த இடம்தான் என் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. பிலிப் ஸ்திரீட்டில், நாலாபுறமும் அலுவலகக் கோபுரங்கள் நெருக்க, தரையோடு தரையாக நிற்கிறது யுயே ஹாய் சிங் கோயில். தியோச்சியூ சீனர்களுடையது. இப்போதைய கட்டடம் 1850களில் எழுந்தது. பெயரே கடல் அமைதியை வேண்டும் பெயர். முற்றத்தில் நின்று கூரையைப் பாருங்கள். குட்டிக் குட்டி வீடுகள், கோபுரங்கள், மனிதர்கள் என்று கூரை முகட்டில் ஒரு முழு ஊரே குடியிருக்கும். கூரை ஊருக்கு மேலே கண்ணாடி ஊர். தலைக்கு மேல் சுருள் சுருளாக ஊதுபத்திகள் தொங்கும். சாம்பல் தோளில் விழுந்தால் தட்டிவிட்டுக்கொள்ளுங்கள். மதிய இடைவேளையில் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வந்து, மூன்று ஊதுபத்தி ஏற்றிவிட்டு ஓடும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களைப் படம் எடுக்காதீர்கள். கும்பிடுகிற நேரம் அவர்களுடையது.

இதுவரை பார்த்தவற்றில் மூன்று இடங்களைச் சேர்த்துப் பாருங்கள். மாசு, நாகூர் ஆண்டவர், கடலை அமைதியாக்கும் கோயில். மொழி வேறு, மதம் வேறு, கேட்டது ஒன்று: கரை சேர வேண்டும். இந்த வட்டாரத்தில் வங்கிகளைவிட வேண்டுதல்கள் வயதில் மூத்தவை. கல்லாப்பெட்டி திறந்தது கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான்.

அங்கிருந்து சர்ச் ஸ்திரீட்டைத் தாண்டினால் மார்க்கெட் ஸ்திரீட். தமிழர் வாயில் இது செட்டித் தெரு. இங்கே பார்ப்பதற்குப் பழையது எதுவும் இல்லை. இல்லாததைப் பார்க்கப் பழக வேண்டிய இடம் இது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கிட்டங்கி என்பது ஆழமும் குறுகலுமான கடைவீடு. உள்ளே நீண்ட கூடம். சுவரோரமாக வரிசையாகக் கைப்பெட்டிகளும் மரப்பெட்டகங்களும். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு பேரேடு இருந்தால் அது ஒரு வட்டிக்கடை. ஒரே கூடத்தில் பல கடைகள். பகலில் சம்மணமிட்டுக் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாயை விரித்துப் படுப்பார்கள். பின்கட்டில் சமையல். பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள்; ஆண்கள் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பி, மறுபடி கப்பலேறுவார்கள். முதலாளி ஊரில் இருக்க, இங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழி. வரும்படியில் மகமை என்று ஒரு பங்கு கோயிலுக்கு. 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் இவர்கள்தாம். சில்லறை வணிகருக்கும் சிறு தொழில் செய்பவருக்கும் பெரிய வங்கிகளின் கதவு திறக்காத காலத்தில் இந்தக் கூடங்கள்தாம் கடன் கொடுத்தன. பின்னாளில் அதே சமூகத்திலிருந்து வந்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார்.

நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் போயின. இந்தத் தெருவில் 1984இல் கோல்டன் ஷூ என்ற பலமாடி வாகன நிறுத்துமிடம் வந்தது. வரைபடத்தில் இந்த வட்டாரம் காலணி போல் தெரிவதால் வந்த பெயர் அது. 1998இல் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வந்து நின்றபோது எதிரே இருந்தது அந்தக் கட்டடம்தான். கார்கள் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தன. அழுகை வந்துவிட்டது. மறுநாள் அதே கட்டடத்தின் உணவங்காடியில் மதியச் சோறு சாப்பிட்டேன். அதன் பிறகு பத்தொன்பது ஆண்டுகள், பெரும்பாலான வேலை நாள்களில், ஐயா உண்டு உறங்கிய தெருவிலேயே நானும் உண்டேன். வெகுநாள் கழித்துத்தான் அது ஆறுதலாகத் தோன்றியது.

அதுவும் 2017இல் இடிபட்டது. இன்று அந்த இடத்தில் நிற்பது கேப்பிட்டாஸ்பிரிங். 280 மீட்டர், 51 மாடி. முகப்பின் கோடுகளைப் பிளந்துகொண்டு 17ஆம் மாடியிலிருந்து 20ஆம் மாடிவரை ஒரு தோட்டம் எட்டிப் பார்க்கும். உணவங்காடியும் இரண்டாம், மூன்றாம் மாடிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். மேசைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். யாரும் காவல் இருப்பதில்லை, யாரும் எடுப்பதுமில்லை. துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை அறிந்த நமக்கு இது உடனே புரியும். இதுவும் இந்த வட்டாரத்தின் மரபுதான், கல்லில் செதுக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

உச்சித் தோட்டத்துக்கு வார நாள்களில் குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களை விடுகிறார்கள். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போனால் பழைய வரைபடத்தைத் திறந்து, தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் சிவப்பு ஓட்டுக் கூரைகளை முதலில் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இன்றைய நீர்விளிம்புவரை விரலால் அளந்து பாருங்கள். கண்ணெதிரே விரியும் மரினா பேயும் இன்று கடல் இல்லை; 2008இல் அணை வந்த பிறகு அது நன்னீர்த் தேக்கம். கடல் அதற்கும் அப்பால், கப்பல்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டது!

இறங்கி வந்து சூலியா ஸ்திரீட்டில் நடங்கள். முன்பு இது கிளிங் ஸ்திரீட். இந்தியரை, குறிப்பாகத் தமிழரைக் குறித்த அந்தச் சொல் இழிவாக ஒலிக்கத் தொடங்கியதும் 1920களின் தொடக்கத்தில் பெயர் மாற்றப்பட்டது. பெயர்ப்பலகையைக் கடந்து போகுமுன் ஒரு நொடி நில்லுங்கள்.

இதே தெருவில் ஓசிபிசி வங்கி நிலையத்தின் முன் ஹென்றி மூரின் சாய்ந்த பெண் வெண்கல உருவம், ஒன்பது மீட்டருக்கும் அதிகமான நீளம். யுஓபி பிளாசாவின் தரைத்தளத்தில் சால்வடோர் டாலியின் நியூட்டன்: தலையும் திறந்திருக்கும், நெஞ்சும் திறந்திருக்கும், இதயம் உள்ளே தொங்கும். திறந்த அறிவு, திறந்த மனம் என்று பொருள் சொல்வார்கள். ஆற்றோரம் பொட்டேரோவின் கொழுத்த பறவை, அமைதிக்கும் மகிழ்ச்சிக்கும் அடையாளம். வங்கிகள் விலை கொடுத்து வாங்கி வைத்த அடையாளங்கள் இவை. கலை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பிலிப் ஸ்திரீட் கூரையின் களிமண் மனிதர்களைப் பார்த்துவிட்டு வந்தால் இவற்றின்முன் அதிக நேரம் நிற்கத் தோன்றாது, எனக்குத் தோன்றியதில்லை.

போட் கீ வந்துவிட்டது. ஆறு இங்கே வளைவதைப் பாருங்கள். கெண்டை மீனின் வயிறு போல இருப்பதால் செல்வம் தங்கும் என்று சீன வணிகர்கள் நம்பினார்கள். இந்தக் கரையும் சதுப்பு நிலமாக இருந்ததுதான். 1820களின் தொடக்கத்தில், இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த ஒரு குன்றைச் சீன, மலாய், இந்தியத் தொழிலாளர்கள் வெட்டி, அந்த மண்ணை இங்கே கொட்டினார்கள். ஆக, நீங்கள் நடந்த அரை நாள் பாதையில் இரண்டு குன்றுகள் காணாமல் போயிருக்கின்றன. இரண்டும் உங்கள் காலடியில் இருக்கின்றன.

கேவனா பாலத்தைக் கடந்து ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தின் பக்கம் போங்கள். பாலத்தின் அருகே ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகளைப் பார்க்க எப்போதும் கூட்டம் இருக்கும். நம் சிலை மறு கரையில், அருங்காட்சியகத்தின் வெளியே இருக்கிறது. செர்ன் லியான் ஷான் வடித்தது. அன்றைய செட்டியாரிலிருந்து இன்றைய நிதித் துறையினர்வரை ஒரே தொகுப்பில் வெண்கலத்தில் வார்த்திருக்கிறார்.

தைப்பூசத்தை ஒட்டி வந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். முதல் நாள், செட்டிப் பூசத்தன்று, டேங்க் ரோட்டிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சைக் ரோட்டிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய், மாலையில் திரும்புவார். அன்று மட்டும் நடையின் நேரத்தை ரதத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்பச்சி ஒரே ஒருமுறை சிங்கப்பூர் வந்தார்கள். எழுபத்தாறு வயது. இந்த வழி முழுவதும் என்னோடு நடந்து, அருங்காட்சியகத்துக்கு வெளியே உள்ள அந்தச் செட்டியார் சிலைக்கு வந்தார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஐயாவின் உறையை என்னிடமிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மார்க்கெட் ஸ்திரீட் முகவரியைச் சிலைக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்கள்.